பாப்லர் மரமும் மண்ணில் இறங்கிய கன உலோகமும்: ஹைவெல்ட் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் காற்று கிளம்பிவிட்டால் தென்னாப்பிரிக்க மேட்டுநிலமான ஹைவெல்டில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் பெனோனியின் ஆக்டன்வில்லிலும் கொடியில் காயும் துணிமீது வெளிர்மஞ்சள் தூள் படியும். விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து தோண்டி, அரைத்து, தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய பாறைத் தூள் அது. அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. காற்றும் மழையும் பட்டால் பைரைட் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் தூளில் இருக்கும் ஆர்செனிக், நிக்கல், துத்தநாகம், செம்பு, யுரேனியம் ஆகியவற்றைக் கரைத்து நகர்த்துகிறது. துணியை உதறிவிடலாம். கொத்தமல்லிப் பாத்தியில் படிந்ததை உதற முடியாது.

"மரம் நட்டால் மண் சுத்தமாகுமா?" என்று கோயில் தோட்டங்களிலும் பள்ளி வளாகங்களிலும் கேட்கிறார்கள். சில உலோகங்களுக்குப் பாப்லர் உதவும். சிலவற்றுக்கு உதவவே உதவாது. உதவுகிற உலோகங்களிலும், இலையை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன் கிடைக்கும். மரத்தை நட்டுவிட்டு நகர்ந்துவிடுபவர்களுக்கு அது எதையும் செய்து தராது.

முதலில்: உங்கள் மண்ணில் இருப்பது எது?

தூசி மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 வரை விற்கப்பட்டது. பழைய பெருஞ்சாலை ஓர மண்ணில் அந்த ஈயம் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் ஈயம் எளிதில் நகராது. பழைய வீட்டுச் சுவரிலிருந்து உரியும் பெயின்ட்டிலும் ஈயம் உண்டு. துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலிருந்து சொட்டும் மழைநீர் கூரை விளிம்புக்கு நேர் கீழே துத்தநாகத்தைச் சேர்க்கிறது. காட்மியம் துத்தநாகத்தின் கூடப் பிறந்த உலோகம். துத்தநாகத் தாதுவிலேயே கலந்து வரும். பாஸ்பேட் உரத்திலும் சிறிதளவு இருக்கும்.

ஆகவே முதல் வேலை மண் பரிசோதனை. ஒரு திடலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேல் 20 செ.மீ. மண்ணை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ எடுங்கள். துத்தநாகம் பூசிய மண்வெட்டியோ வாளியோ கூடாது, மாதிரியையே கெடுத்துவிடும். கூரை ஓரம், சாலை ஓரம், திடலின் நடு ஆகிய மூன்றையும் தனித்தனி மாதிரியாக அனுப்புங்கள். ஆய்வகத்திடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள்: மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மை), உலோகத்தின் மொத்த அளவு, செடிக்குக் கிடைக்கக்கூடிய அளவு. மூன்றாவதைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மண் துகளோடு இறுகப் பிடித்திருக்கும் உலோகத்தை எந்த வேராலும் எடுக்க முடியாது. மரம் எதை எடுக்க முடியும் என்பதை அந்த மூன்றாவது எண்தான் சொல்லும்.

முடிவை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. மாசடைந்த நிலத்துக்கு 2014-இல் வெளியான தேசிய விதிமுறைகளில் முதல் நிலை வரம்புகள் ஒரு கிலோ மண்ணுக்கு ஈயம் 20 மி.கி., ஆர்செனிக் 5.8 மி.கி., காட்மியம் 7.5 மி.கி., துத்தநாகம் 240 மி.கி. எனக் கொடுக்கப்பட்டுள்ளன. இதைத் தாண்டினால் உடனே ஆபத்து என்று பொருளில்லை. மேலும் ஆராய வேண்டும் என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. சுரங்கக் கழிவு மேடுகளின் மேல் ஏறி நீங்களே மண் எடுக்காதீர்கள். யுரேனியமும் அதன் சிதைவுப் பொருள்களும் இருக்கும் இடம் அது. அனுமதி பெற்ற வல்லுநர்களின் வேலை.

வேரில் என்ன நடக்கிறது

பாப்லர் வில்லோ குடும்பத்து மரம். வேகமாக வளரும், ஆழமாக வேர் விடும், ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும். ஒரு பெரிய மரம் கோடை நாளில் நூறு லிட்டருக்கு மேல் நீரை இழுத்து இலை வழியே ஆவியாக்கும். நீரோடு சேர்ந்துதான் கரைந்த உலோகமும் வேரை நோக்கி வருகிறது.

வேரின் தோலுக்கு வெளியே வேலை தொடங்குகிறது. வேர் சுரக்கும் கரிம அமிலங்கள் மண் துகளிடமிருந்து சில உலோகங்களை விடுவிக்கும். பாப்லரோடு கூட்டு வாழும் வேர்ப்பூஞ்சைகளும் பங்கெடுக்கின்றன. பெரும்பாலான மரங்களுக்கு ஒரு வகைப் பூஞ்சைதான் கூட்டாளி. பாப்லரின் வேரில் இரண்டு வகையும் வாழும். பாக்சில்லஸ் என்ற காளான் இனம் சேர்ந்திருந்த சாம்பல் பாப்லர் அதிகக் காட்மியத்தை எடுத்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லாப் பூஞ்சைகளும் இப்படி அல்ல. சில உலோகத்தைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டு மரத்தைக் காக்கும்.

அடுத்து செல்லின் வாசல். மரத்துக்குத் துத்தநாகமும் இரும்பும் மாங்கனீசும் தேவை. அவற்றை உள்ளே விடுவதற்கென்று செல் சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. காட்மியம் மரத்துக்கு எந்த வகையிலும் பயன்படாது, ஆனால் வேதியியலில் துத்தநாகத்தை ஒத்திருப்பதால் அதே வாசல் வழியே நுழைந்துவிடுகிறது. மண்ணில் இரும்புப் பற்றாக்குறை இருந்தால் மரம் இரும்பு வாசல்களை இன்னும் அதிகமாகத் திறக்கும். அப்போது காட்மியம் கூடுதலாக உள்ளே வரும். ஆர்செனிக் பாஸ்பேட்டின் வாசலில் நுழைகிறது. ஆறு இணைதிறன் குரோமியம் சல்பேட்டின் வாசலில் நுழைந்து, வேரிலேயே மூன்று இணைதிறன் வடிவுக்கு மாறி அங்கேயே தங்கிவிடுகிறது.

ஈயத்தின் கதை வேறு. வேர்ச் செல்லின் சுவரில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. அதன் எதிர் மின்னூட்டம் ஈயத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மீதி பாஸ்பேட்டோடு சேர்ந்து வேரின் மேற்பரப்பிலேயே படிகிறது. அதையும் தாண்டி உள்ளே போவதை, வேரின் உள் அடுக்கான அகத்தோலில் உள்ள காஸ்பேரியன் பட்டை தடுக்கிறது. அந்த நீர் புகாத வளையத்தைச் செல்லுக்குள் புகாமல் யாரும் கடக்க முடியாது. இதனால் பாப்லரின் வேரில் ஈயம் இருக்கும், இலையில் மிகக் குறைவாகவே இருக்கும். செம்பும் பெரும்பாலும் வேரில்தான் நிற்கும்.

இந்த ஒரு பத்தி உங்கள் திட்டத்தையே தீர்மானிக்கும். பரிசோதனையில் ஈயமும் ஆர்செனிக்கும்தான் பிரச்சினை என்று வந்தால், உலோகத்தை வெளியேற்றும் நோக்கத்தோடு பாப்லர் நடாதீர்கள். மண்ணைப் பிடித்துவைத்துத் தூசி பறக்காமல் தடுக்க மரம் உதவும், அவ்வளவுதான். துத்தநாகமும் காட்மியமும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இலைக்குப் போகும் வழியும், மரம் தாங்கும் விதமும்

அகத்தோலைக் கடந்த துத்தநாகத்தையும் காட்மியத்தையும் இன்னொரு வகைப் புரதம் நீரை மேலேற்றும் சைலம் குழாய்க்குள் ஏற்றுகிறது. இதற்கு மரம் ஆற்றலைச் செலவிடுகிறது. மேலே ஏறும் நீரோட்டம் அவற்றை இலையில் கொண்டுபோய் விடுகிறது. நீர் ஆவியாகிப் போகிறது, உலோகம் தங்கிவிடுகிறது. பருவம் முழுக்க இப்படிச் சேர்வதால் வசந்தத்தின் இளம் இலையைவிட இலையுதிர் காலத்து முதிர்ந்த இலையில் காட்மியம் அதிகமாக இருக்கும். தண்டில், உள்ளிருக்கும் கட்டையைவிடப் பட்டையில் அதிகம்.

இலைக்குள் வந்த நஞ்சு அங்கே சும்மா மிதந்தால் மரம் செத்துவிடும். காட்மியம் நொதிகளில் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்து அவற்றை முடக்கும். செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகக் காரணமாகும். மரம் பல வழிகளில் தன்னைக் காக்கிறது. குளுட்டதயோன் என்ற சிறிய கந்தக மூலக்கூறைக் கோத்து ஃபைட்டோகீலட்டின் என்னும் சங்கிலியைச் செய்கிறது. அந்தக் கந்தகம் காட்மியத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்விய கட்டு செல்லின் நடுவே இருக்கும் நுண்குமிழ்ப்பைக்குள் தள்ளிப் பூட்டப்படுகிறது. துத்தநாகத்தை அதே பைக்குள் தள்ள வேறொரு புரதம் உண்டு. இதோடு கேட்டலேஸ் போன்ற நொதிகள் தீய ஆக்சிஜனை அணைத்தவண்ணம் இருக்கும். பாப்லரின் மரபணுத் தொகுதி 2006-இலேயே படிக்கப்பட்டுவிட்டது. மரங்களில் முதலாவது அதுதான். அதனால் இந்தப் புரதங்கள் பலவற்றை இன்று பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறது.

தாங்கும் சக்திக்கும் எல்லை உண்டு. அதை இலையிலேயே பார்க்கலாம். துத்தநாகம் மிகுந்த மண்ணில் நிற்கும் போத்தின் (இளந்தண்டின்) நுனி இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்புகள் பச்சையாகவே இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட தசை வெளிறி எலுமிச்சை நிறமாகியிருக்கும். கீழேயுள்ள பழைய இலை நன்றாகவே இருக்கும். துத்தநாகம் இரும்பை உள்ளே வரவிடாமல் தடுத்ததன் அடையாளம் அது. வேரைத் தோண்டினால் வெள்ளையாக நீண்டிருக்க வேண்டிய நுனிகள் பழுப்பேறி, குட்டையாக, தடித்துக் கிடக்கும். இரண்டையும் கண்டால் அந்த இடத்தில் மரம் சுத்தம் செய்யவில்லை, உயிருக்குப் போராடுகிறது. நடவைத் தொடராதீர்கள்.

எத்தனை ஆண்டு? கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு ஹெக்டேரில் மேல் 20 செ.மீ. மண் சுமார் 2,600 டன் எடை. அதில் காட்மியத்தைக் கிலோவுக்கு 1 மி.கி. குறைக்க வேண்டுமென்றால் 2.6 கிலோ காட்மியத்தை வெளியே எடுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஆண்டுக்கு 7 டன் காய்ந்த தண்டும் 3 டன் காய்ந்த இலையும் விளைகின்றன என்று வைத்துக்கொள்வோம். தண்டில் கிலோவுக்கு 5 மி.கி., இலையில் 30 மி.கி. காட்மியம் இருந்தால், தண்டு வழியே 35 கிராமும் இலை வழியே 90 கிராமும் வெளியேறும். இரண்டையும் எடுத்தால் 21 ஆண்டு ஆகும். இலையை உதிரவிட்டுத் தண்டை மட்டும் வெட்டினால் 74 ஆண்டு.

காட்மியத்தை அடர்த்தியாகச் சேர்க்கும் சிறு செடிகள் உலகில் உண்டு. அவற்றின் இலையில் கிலோவுக்கு 100 மி.கி.க்கு மேல் இருக்கும். பாப்லர் அந்த வகை அல்ல. அதன் பலம் எடையில் இருக்கிறது. செடிக்குக் கிடைக்கும் பகுதியைக் குறைப்பது மட்டும் இலக்கு என்றால் காலம் கணிசமாகச் சுருங்கும். மாசு மிக அதிகமான நிலத்தை உங்கள் வாழ்நாளில் பாப்லர் திருத்தித் தராது. அங்கே மண்ணை மாற்றுவதோ மூடுவதோதான் வழி. மிதமான மாசுக்குத்தான் இந்த முறை.

காலத்தைக் குறைக்க வேதிப் பொருள் ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஈ.டி.டி.ஏ. போன்றவை உலோகத்தைக் கரைத்துவிடும், உண்மைதான். மரம் எடுப்பதைவிட அதிகமாக நிலத்தடி நீரில் இறங்கிவிடும். கிணறும் துளைக்கிணறும் உள்ள இடத்தில் அதைத் தொடவே கூடாது.

எந்த மரம், எங்கே: சட்டத்தையும் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவுக்குப் பாப்லர் அந்நிய மரம். வெள்ளைப் பாப்லரும் சாம்பல் பாப்லரும் பல்லுயிர்ச் சட்டத்தின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இரண்டாம் பிரிவில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் வளர்க்கக் கூடாது. ஹைவெல்டின் ஓடைகளையும் சதுப்புப் படுகைகளையும் வேர்க்கன்றுகளால் அடைத்து நீரைக் குடித்துத் தீர்க்கும் மரம் சாம்பல் பாப்லர்தான். ஆய்வுகளில் நன்றாகச் செயல்பட்டது என்பதற்காக அதை நடுவது ஒரு மாசை அகற்றி இன்னொன்றை வைப்பதாகும்.

வேர்க்கன்று குறைவாக விடும் கலப்பின வகைகளைப் பாருங்கள். கனடியப் பாப்லர் கலப்பினங்களில் ஐ-214 என்ற வகை காட்மியத்துக்கு நன்கு ஆராயப்பட்டது. ஒரே இனத்தின் இரு வகைகளுக்குள்ளும் உலோகம் எடுப்பதில் பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே இரண்டு மூன்று வகைகளை நட்டு, முதல் ஆண்டின் இலையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வாங்குமுன் அந்த வகை இன்றைய பட்டியலில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டுக் கொல்லையில் பாப்லர் வேண்டவே வேண்டாம். அதன் வேர் கழிவுநீர்க் குழாயைத் தேடிப் போகும், சுவரைப் பிளக்கும். கட்டடத்திலிருந்து 20 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வீட்டில் கீரையும் கொத்தமல்லியும் மேத்தியும் (வெந்தயக்கீரையும்) போட விரும்பினால், சுத்தமான மண்ணை வாங்கி உயர்த்திய பாத்தியில் போடுங்கள். காட்மியத்தை அதிகம் இழுப்பவை இலைக் காய்கறிகள்தான். அவரை போன்றவற்றின் காயில் குறைவாகவே சேரும். பாப்லர் கோயில் நிலம், பள்ளித் திடலின் ஓரம், கைவிடப்பட்ட காய்கறித் தோட்டம் போன்ற விரிந்த இடத்துக்கான மரம்.

அமிலமும் உப்பும் மிகுந்த சுரங்க ஓர நிலத்துக்கு வேறு மரங்களே பொருத்தம். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் சுரங்கக் கழிவு நிலங்களில் நடத்திய மர நடவு ஆய்வில் கரீ மரத்தையும் உள்நாட்டுத் தமாரிஸ்க் மரத்தையும் பயன்படுத்தியது. இரண்டும் இந்த மண்ணின் மரங்கள். உலோகத்தை வெளியேற்றுவதைவிட நீரையும் மண்ணையும் நிலையாகப் பிடிப்பதே அவற்றின் வேலை. ஆர்செனிக், யுரேனியம் என்று பரிசோதனை சொன்னால் நான் அந்தப் பக்கம்தான் போகச் சொல்வேன்.

நடவு

ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, மொட்டு விரியுமுன், கட்டைவிரல் பருமனுள்ள ஓராண்டுப் போத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. துண்டுகள் வெட்டுங்கள். மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, ஒன்றிரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரிய, ஈரமான மண்ணில் செருகுங்கள். ஒரு நாள் முன்பே தண்ணீரில் ஊறவைத்தால் வேர் சீக்கிரம் பிடிக்கும். மழை அக்டோபரில்தான் வரும். அதுவரை வாரம் இருமுறை தண்ணீர் விட வேண்டும். செடிக்குச் செடி ஒரு மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர் போதும்.

பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு போடுங்கள். ஆனால் கவனம்: சுண்ணாம்பு அதிகமானால் காட்மியமும் துத்தநாகமும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மரத்துக்குக் கிடைக்காது. 5.5-க்கும் 6.5-க்கும் இடையே நிறுத்துங்கள். வெளியேற்றும் எண்ணத்தை விட்டுவிட்டுக் காய்கறிக்குப் பாதுகாப்பு மட்டும் வேண்டுமென்றால், அதே சுண்ணாம்பைத் தாராளமாகப் போடலாம். ஆனால் ஆர்செனிக் உள்ள மண்ணில் அப்படிச் செய்யாதீர்கள், பி.எச். உயர்ந்தால் ஆர்செனிக் நகரத் தொடங்கும்.

வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், மண்ணை நனைத்துக்கொண்டு கொத்துங்கள், உடையை வீட்டுக்குள் உதறாதீர்கள். சிறு பிள்ளைகளை அந்தத் திடலில் விளையாட விடாதீர்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமில்லை.

இலைதான் எல்லாம்

ஏப்ரல், மே மாதங்களில் ஹைவெல்டின் பாப்லர் மஞ்சளாகி உதிர்க்கும். உதிருமுன் மரம் இலையிலிருந்து நைட்ரஜனை மீட்டுக்கொள்ளும், காட்மியத்தை மீட்டுக்கொள்வதில்லை. ஆழத்திலிருந்து இலைக்கு இழுத்த உலோகத்தை மரமே மேல்மண்ணில், கீரை வேர் தொடும் அதே அடுக்கில், பரப்பிவிடும். இலையை விட்டுவிட்டால் நிலம் நட்டதற்கு முன்பிருந்ததைவிட மோசமாகலாம்.

வழிகள் இரண்டு. வரிசைகளுக்கு இடையே வலை விரித்து உதிரும் இலையை வாரந்தோறும் வாரிச் சாக்கில் கட்டலாம். அல்லது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் இறுதியில், இலை மரத்தில் இருக்கும்போதே தரையிலிருந்து ஒரு சாண் விட்டுப் போத்துகளை வெட்டி எடுக்கலாம். இலையோடு வெட்டினால் அடிக்கட்டை சற்றுத் தளரும். ஆனால் வசந்தத்தில் மீண்டும் துளிர்த்துவிடும். ஆள் பலம் குறைந்த குழுக்களுக்கு இரண்டாவது வழியே நல்லது. வெட்டாத ஆண்டுகளில் வலையும் வேண்டும்.

இந்த இலை உரக் குழிக்குப் போகக் கூடாது. ஆடு மாட்டுக்கும் கூடாது. உரிமம் பெற்ற கழிவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

வெட்டிய கட்டை

பட்டை உரித்த கட்டையில் உலோகம் குறைவு, பலகையாகப் பயன்படலாம். தீக்குச்சிக்காக இந்த நாட்டில் வளர்க்கப்பட்ட மென்மையான மரம்தானே. ஆனால் அதை எரிக்காதீர்கள். காட்மியம் 767 பாகை செல்சியஸிலும் துத்தநாகம் 907 பாகையிலும் கொதிக்கும். கனன்று எரியும் நெருப்பில் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் சேரும். நம் கோயில்களில் ஆடியில் கூழ் காய்ச்ச வெளியில் அடுப்பு மூட்டுகிறோம். தீமிதிக்கு வண்டி வண்டியாக விறகு எரித்துத் தணலாக்குகிறோம். பக்தர்கள் அந்தப் புகையை மணிக்கணக்கில் சுவாசிக்கிறார்கள், சாம்பலைத் திருநீறு போல நெற்றியில் இடுகிறார்கள். இந்தத் திடலின் விறகு அந்தக் குவியலுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது கோயில் குழுவின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டும் பிராய் அடுப்புக்கும் இதே விதி. புகை வடிகட்டி உள்ள உலைக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் பரிசோதனை அறிக்கையோடு உரிமம் பெற்ற கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

அளந்துகொண்டே இருங்கள்

ஒவ்வொரு மார்ச்சிலும் முதிர்ந்த இலையைக் கழுவி, காயவைத்து, அதே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கழுவாவிட்டால் இலைமேல் படிந்த சுரங்கத் தூசியையும் சேர்த்து அளந்துவிடுவார்கள். இலையின் எடையையும் குறித்துவைத்தால், மேலே போட்ட கணக்கை உங்கள் நிலத்துக்கே போட்டுப் பார்க்கலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை மண்ணை, முதலில் எடுத்த அதே இடங்களில், அதே ஆழத்தில் எடுங்கள்.

செடிக்குக் கிடைக்கும் காட்மியம் தொடர்ந்து இரு சோதனைகளில் இறங்கியிருந்தால், ஒரு வரிசையில் முதலில் அவரையைப் போட்டு, அந்தக் காயையும் சோதியுங்கள். கீரை கடைசியில். மரத்தை நிறுத்த முடிவு செய்யும்போது, வெட்டிய சில நிமிடங்களுக்குள் அடிக்கட்டையின் விளிம்பில் அனுமதிக்கப்பட்ட களைக்கொல்லியைத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் அது துளிர்த்துக்கொண்டே இருக்கும். தடிமனான வேர்களைத் தோண்டி எடுங்கள். ஈயமும் செம்பும் அவற்றில்தான் சேர்ந்திருக்கும். மண்ணிலேயே மக்கவிட்டால் திரும்ப மண்ணுக்கே போய்விடும். அந்த வேர்களும் இலை போன அதே கழிவு நிலையத்துக்குப் போக வேண்டியவை.